விருப்பமில்லாத விருப்பப் பாடம்

விருப்பப் பாடம் என்று ஒன்று நம்முடைய பல்கலைக் கழகங்களில் இருக்கிறது. பெயரைக் கேட்டால், மாணவன் ஆசைப்பட்டுத் தேடி, மனம் உவந்து எடுத்துக்கொண்டு படிக்கிற பாடம் என்றுதான் எண்ணத் தோன்றும். உண்மையில் அவனுடைய படிப்புக் காலம் முழுவதிலும் விருப்பம் என்பது தலைகாட்டாத ஓர் இடம் உண்டென்றால் அது இதுதான். இயந்திரவியல் படிக்கிறவனுக்கு வெப்ப இயக்கவியல் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். அதைப் பற்றி அவனுக்கு ஓர் அபிப்பிராயமாவது இருக்கும். அதே பையன் விருப்பப் பாடமாக எடுத்துக்கொண்ட சரித்திரத்தைப் பற்றியோ தத்துவத்தைப் பற்றியோ கேட்டுப் பாருங்கள். "அதுவா ஸார், ஈஸி பேப்பர்!" என்பான். அதற்குமேல் சொல்ல அவனிடம் ஒன்றும் இராது.

நான் கதை எழுதுகிறவன். அதனால் கலைத் துறைப் பாடங்களுக்கெல்லாம் நான் ஏதோ ஏஜெண்டு என்று நினைத்துக்கொண்டு மாணவர்களும், அவர்களைக் காட்டிலும் அதிகமாக அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். கேள்வி எப்போதும் ஒன்றே: "எதை எடுத்தால் சுலபமாக இருக்கும்?" எதை எடுத்தால் நன்றாக இருக்கும் என்று கேட்கிறவர்கள் அபூர்வம். இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையில் இருக்கிற தூரத்தைப் பற்றித்தான் நான் இங்கே சண்டை பிடிக்கப் போகிறேன்.

கத்தரிக்காய் வாங்கப் போகிறவர்கள்கூடச் சொத்தை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குகிறார்கள். வெண்டைக்காயானால் நுனியை ஒடித்துப் பார்க்கிறார்கள். தன் ஆயுளில் நான்கு மாதத்தைக் கொடுத்து ஒரு பாடத்தை வாங்கப் போகிற மாணவனோ மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறான். வருகைப் பதிவில் கண்டிப்பு உண்டா? மார்க்கு தாராளமாகப் போடுவார்களா? வகுப்பு காலை எட்டு மணிக்கு இல்லையே? இந்த மூன்றுக்கும் மேல் வகுப்பு அண்ணன்மார்கள் திருப்தியான பதில் சொல்லிவிட்டால், அந்தப் பாடம் கிரேக்க நாடகமானாலும் சரி, கிராமப் பொருளாதாரமானாலும் சரி, பையன் பேரைக் கொடுத்துவிடுகிறான். பாடத்தின் தலைப்பையே அவன் பரீட்சைக்கு முந்தின வாரத்தில்தான் முழுமையாகப் படிக்கிறான்.

பையன்களைத் திட்டிவிட்டுப் போவது எனக்கு நோக்கமல்ல. அவர்கள் புத்திசாலிகள். பெரியவர்கள் எதை மதிக்கிறார்கள், எதை மதிப்பதாக நடிக்கிறார்கள் என்பதை வெகு சீக்கிரம் கண்டுகொள்கிறார்கள். கல்லூரியே இந்தப் பாடத்தை ஒரு சம்பிரதாயமாக நடத்துகிறபோது, மாணவன் மட்டும் ஏன் பக்தியோடு நடத்த வேண்டும்?

கணக்கைப் பாருங்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2018-இல் வெளியிட்ட பொறியியல் மாதிரிப் பாடத்திட்டத்தில் பட்டத்துக்கு மொத்தம் 160 கிரெடிட். அதில் கலை, சமூக இயல் பாடங்களுக்கு 12. அந்தப் பன்னிரண்டும் முழுசாக இல்லை; நிர்வாக இயலும் அதிலேயே ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. நம் கலை அறிவியல் கல்லூரிகளிலோ நான்காம் பகுதி என்று ஒன்று வைத்து, பள்ளியில் தமிழ் படித்து கல்லூரியிலும் தமிழையே மொழிப் பாடமாகக் கொண்ட மாணவர்கள் தங்கள் துறைக்கு வெளியே விருப்பப் பாடம் எடுக்கலாம் என்று வழி செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எத்தனை இடங்களில் மாணவனுக்கு முன்னால் நாலைந்து பாடங்களை வைத்து, "இவற்றில் எது உனக்கு வேண்டும்?" என்று கேட்கிறார்கள்? எந்தத் துறை ஆசிரியருக்கு அந்த ஒரு மணி நேரம் ஓய்வாக இருக்கிறதோ அவர் வகுப்புக்கு மொத்த மாணவர்களையும் அனுப்பிவிடுகிற கல்லூரிகள் எனக்குத் தெரியும். ஓட்டலில் "என்ன இருக்கிறது?" என்று கேட்டால், "என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், இட்லி மட்டும்தான் இருக்கிறது" என்று சொல்லுவது போன்ற விருப்பம் இது!

இந்த ஏற்பாட்டை ஆரம்பித்தவர்கள் விளையாட்டுக்காக ஆரம்பிக்கவில்லை. நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-இல் ஒரு பல்கலைக் கழகக் கல்விக் குழுவை நியமித்தார்கள். எந்தத் துறையில் படிக்கிறவனானாலும் அவனுக்குப் பொதுக் கல்வி என்று ஒன்று வேண்டும் என்று அந்தக் குழு வற்புறுத்தியது. "தத்துவப் பேராசிரியர் வேறு என்ன சொல்வார்?" என்று சிரிக்கிறவர்கள் அந்தக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். பௌதிக மேதை மேகநாத் ஸாஹா இருந்தார். சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் லட்சுமணசாமி முதலியார் இருந்தார், அவர் வைத்தியர். அமெரிக்காவிலிருந்து ஆர்தர் மார்கன் வந்திருந்தார். அவர் வெள்ளத் தடுப்பு வேலைகளில் பேரெடுத்த என்ஜினீயர், டென்னஸி பள்ளத்தாக்கு அணைத் திட்டத்துக்கு முதல் தலைவராக இருந்தவர். அணை கட்டினவரும், அணுவை ஆராய்ந்தவரும், பிரசவம் பார்த்தவரும் சேர்ந்து உட்கார்ந்து, தொழில் மட்டும் தெரிந்தால் போதாது என்று சொன்னார்கள். கவிதை படித்துக் கெட்டுப் போனவர்களின் சிபாரிசு அல்ல அது.

விருப்பம் என்ற பெயரில் எல்லாவற்றையும் மாணவன் தலையிலேயே போட்டுவிடலாமா என்ற கேள்விக்கும் பதில் பழைய சரித்திரத்தில் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக் கழகத்துக்கு 1869 முதல் 1909 வரை நாற்பது வருஷம் தலைவராக இருந்தவர் சார்லஸ் எலியட். கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்து, மாணவன் தன் இஷ்டப்படி தேர்ந்தெடுக்கலாம் என்று கதவைத் திறந்து விட்டார் அவர். வளர்ந்த பிள்ளைகளை வளர்ந்தவர்களாக நடத்த வேண்டும் என்ற பெரிய மனசு அது. அவருக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவெல், இந்தச் சுதந்திரத்தில் பல பிள்ளைகள் சுலபமான பாடங்களைப் பொறுக்கிச் சேர்த்துப் பட்டம் வாங்கிவிடுகிறார்கள் என்று கண்டு, ஒரு துறையில் ஆழமாகவும் பல துறைகளில் பரவலாகவும் படித்தே ஆக வேண்டும் என்று விதி செய்தார். நூறு வருஷத்துக்கு முன்பே ஹார்வர்டில் நடந்து, கண்டறிந்து, திருத்தப்பட்ட தப்பை, நாம் இன்றைக்குப் புதிய சீர்திருத்தம் என்று சொல்லி நடத்திக்கொண்டிருக்கிறோம்.

"சரி ஸார், என் பையன் எலெக்ட்ரிக்கல் என்ஜினீயர் ஆகப் போகிறான். அவனுக்குச் சரித்திரம் எதற்கு?" என்று ஒரு தகப்பனார் கேட்கலாம். நியாயமான கேள்வி. பணம் கட்டுகிறவர் அவர். அவருக்குப் பூசி மெழுகின பதிலைச் சொல்லக் கூடாது. நான் சென்னையில் உள்ள ஒரு கால்வாயைக் காட்டுகிறேன்.

பக்கிங்காம் கால்வாய் என்றதும் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அதன் நடுவே தூண்களை நட்டுப் பறக்கும் ரயில் ஓடுகிறது. நீரியல் படிக்கிற மாணவன் அதைப் பார்த்து, தூண்கள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன, வெள்ளக் காலத்தில் எவ்வளவு நீர் போகும் என்று கணக்குப் போடுவான். போட வேண்டியதுதான். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர் நீளத்தை 1877-78-இல் வெட்டினவர்கள் யார் என்பதை அவனுக்கு அந்தப் பாடம் சொல்லாது. அவர்கள் பஞ்சத்தில் அடிபட்டவர்கள். சென்னை ராஜதானியைப் பாழாக்கின 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரணம் என்ற பெயரில் மண் சுமந்தவர்கள்.

அவர்களுக்கு என்ன கூலி கொடுப்பது என்பதில் இரண்டு கனவான்களுக்குள் தகராறு நடந்தது. வைஸ்ராய் லிட்டன் அனுப்பின ஸர் ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுதும் வெயிலில் உழைக்கிற ஓர் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். சென்னையின் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ், குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியமும், அதோடு காய்கறியும் பருப்பும் வேண்டும், இல்லாவிட்டால் செத்துப் போவார்கள் என்று வாதாடினார். கடைசியில் 1877 மார்ச்சில், பாதி வழி வந்து, ஒன்றே கால் ராத்தல் தானியமும் கொஞ்சம் பருப்பும் என்று உயர்த்தினார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் அந்தப் பஞ்சத்தில் 55 லட்சம் பேர் மாண்டிருப்பார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணிப்பு.

இதிலே கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று இருக்கிறது. இதே டெம்பிள், 1873-74-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துக் கொட்டினவர். அங்கே பட்டினிச் சாவு மிகக் குறைவு. அதற்காக அவருக்கு மாலை போட்டார்களா? இல்லை. அநியாயமாகச் செலவழித்துவிட்டார் என்று இடித்துரைத்தார்கள். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்ட மனுஷர்தான் மூன்று வருஷம் கழித்துச் சென்னைக்கு வந்து ராத்தலைக் குறைத்தார். அவர் முட்டாள் அல்ல. கணக்குத் தெரியாதவரும் அல்ல. கணக்கு அவருக்கு மிக நன்றாகத் தெரிந்திருந்தது. எதைச் செலவுப் பத்தியில் எழுதுவது, எதைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது என்பதை மட்டும் அவருடைய மேலதிகாரிகள் தீர்மானித்திருந்தார்கள்.

தகப்பனாரே, உங்கள் பையன் என்ஜினீயராகி ஒரு மேஜைக்கு முன் உட்காரப் போகிறான். இவ்வளவு செலவு, இத்தனை பேரை அப்புறப்படுத்த வேண்டும், இவ்வளவு பாதுகாப்புப் போதும் என்று எழுதின காகிதம் அவனுடைய கையெழுத்துக்கு வரத்தான் போகிறது. போபாலில் 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த தொழிற்சாலையையும் படித்துப் பட்டம் வாங்கினவர்கள்தாம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் காகிதத்தில் எது விட்டுப் போயிருக்கிறது என்று கேட்கிற பழக்கம் அவனுக்கு எங்கிருந்து வரும்? சரித்திரம் படித்தால் நல்லவனாகிவிடுவான் என்று நான் சொல்லவில்லை. டெம்பிளும் நிறையப் படித்தவர்தான். ஆனால் கேள்வி என்று ஒன்று இருக்கிறது என்பதே தெரியாதவனிடம் பதிலை எதிர்பார்க்க முடியாது. அந்தக் கேள்வியை அறிமுகப்படுத்துவதுதான் இந்தப் பன்னிரண்டு கிரெடிட்டின் வேலை.

இப்போது என் பக்கத்து ஆட்களோடும் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. கலைப் பாடங்களுக்காக வாதாட வருகிறவர்களில் பலர், "இதைப் படித்தால் இங்கிலீஷ் நன்றாகப் பேச வரும், இண்டர்வியூவில் ஜொலிக்கலாம், உத்தியோகத்தில் சீக்கிரம் உயரலாம்" என்று சொல்லி விற்கிறார்கள். எதிரிகளைவிட இவர்கள்தாம் அதிகக் கேடு செய்கிறார்கள். கோயிலுக்குப் போனால் நடைப் பயிற்சி ஆகும் என்று சொல்லிப் பக்தி வளர்க்க முடியுமா? நடைப் பயிற்சிதான் வேண்டும் என்றால் அவன் கடற்கரைக்குப் போகிறான். பேச்சுத் திறமைதான் வேண்டும் என்றால் அதற்குத் தனி வகுப்பு இருக்கிறது. தத்துவத்தையும் சரித்திரத்தையும் இண்டர்வியூவுக்குக் கட்டுகிற டையாக மாற்றிவிட்டால், இண்டர்வியூ முடிந்ததும் கழற்றி மாட்டிவிடுவான்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் வேறொன்று. அதைச் சொல்லுகிற மாணவனை என்னால் அலட்சியம் செய்ய முடியாது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் அவன். "ஸார், நீங்கள் சொல்லுவதெல்லாம் சரி. எனக்குச் சராசரி மார்க்கு ஓர் இழை குறைந்தால் கம்பெனிக்காரன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். ஸ்காலர்ஷிப்பும் போய்விடும். தெரியாத பாடத்தை எடுத்து நான் எப்படிச் சூதாட முடியும்?" என்கிறான். அவனைப் பார்த்து, "அறிவுக்காகப் படி, மார்க்குக்காகப் படிக்காதே" என்று உபதேசம் செய்வது, பசித்தவனிடம் ருசியைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுவதாகும். அந்த உபதேசத்தை நான் செய்ய மாட்டேன்.

அவன் சொல்லுவது உண்மையானால் குற்றம் அவனுடையது அல்ல, தராசினுடையது. துறைப் பாடத்தையும் புறப் பாடத்தையும் ஒரே தராசில் வைத்து ஒரே சராசரியில் சேர்த்தால், துணிந்தவன் தண்டிக்கப்படுவான், பதுங்கினவன் பரிசு பெறுவான். இதற்கு மாற்று இல்லாமலில்லை. அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக் கழகம் 1969-இல் பாடத்திட்டத்தைத் திருத்தி அமைத்தபோது, மாணவன் விரும்பினால் ஒரு பாடத்தை மார்க்கு வரிசை இல்லாமல், தேறினான் என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று வசதி செய்தது. பயம் இல்லாமல் அந்நியமான ஒரு துறைக்குள் காலை வைத்துப் பார்க்கட்டும் என்பதுதான் அதன் தாத்பரியம். விருப்பப் பாடங்களுக்கேனும் இந்த ஏற்பாட்டைச் செய்ய நம்முடைய பல்கலைக் கழகங்களுக்கு என்ன செலவு ஆகும்? ஒரு தீர்மானம், ஒரு சுற்றறிக்கை. இதைச் செய்யாமல், "பையன்கள் சுலபமானதையே தேடுகிறார்கள்" என்று மேடையில் அங்கலாய்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்தச் சுற்றறிக்கை வரும் வரை மாணவன் என்ன செய்வது? கையில் இருக்கிற பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுக்கத்தானே வேண்டும்? அதற்கு எனக்குத் தெரிந்த வழிகளைச் சொல்லுகிறேன்.

முதலாவது, முழுப் புத்தகம் ஒன்றையாவது படிக்க வைக்கிற பாடமா என்று பாருங்கள். நோட்ஸும், படக் காட்சிகளும், போன வருஷக் கேள்வித்தாளும் மட்டும்தான் என்றால் அந்தப் பாடத்தைத் தொடாதீர்கள். ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, பிடிக்காத அத்தியாயத்தையும் சேர்த்து, படித்து முடிப்பது என்பது ஒரு மனிதனோடு ஊருக்குப் பிரயாணம் செய்வது போன்றது. சுருக்கம் படிப்பது அவனுடைய விலாசத்தை வாங்கிக்கொள்வது போன்றது.

இரண்டாவது, நீங்களாக எழுத வேண்டிய பாடமா என்று கேளுங்கள். சொன்னதை எழுதுவதல்ல, உங்கள் கட்சியைச் சொல்லி, எதிர்க் கட்சிக்குப் பதிலும் எழுதுவது. இன்றைக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றால் கணிப்பொறியிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. அதை அப்படியே கொடுத்து மார்க்கு வாங்க முடிகிற பாடம் என்றால், அந்தப் பாடத்தில் உங்களுக்கு வேலையே இல்லை என்று அர்த்தம். எதிரே உட்கார வைத்து, "ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேட்கிற ஆசிரியர் இருக்கிற வகுப்புக்குப் போங்கள். காலை எட்டு மணி வகுப்பாக இருந்தாலும் போங்கள்.

மூன்றாவது, உங்களுக்கு ஏற்கெனவே பிடித்ததை எடுக்காதீர்கள். கதை படிக்கிற பழக்கம் உள்ளவன் இலக்கியத்தை எடுத்துக்கொண்டு, "எனக்கு இது கை வந்தது" என்று ஓய்வெடுக்க வேண்டாம். நாவலாசிரியனே இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். கதையை நீங்கள் ரயிலில் படிப்பீர்கள், படுக்கையில் படிப்பீர்கள். என் பிழைப்புக்கு அது போதும். பொருளாதாரத்தையோ, சட்டத்தையோ, தர்க்கத்தையோ யாரும் படுக்கையில் படிப்பதில்லை. துணை இல்லாமல் நுழைய முடியாத வீட்டுக்குத்தான் துணையோடு போக வேண்டும். இதே நியாயம் எதிர்ப்பக்கத்துக்கும் பொருந்தும். இலக்கியமும் சரித்திரமும் படிக்கிற மாணவர்கள் புள்ளி விவர இயலைக் கண்டு ஓடுவதை நான் பெருமையாக நினைக்கவில்லை. கார்னிஷ் மனசு மட்டும் உள்ளவர் அல்ல. ராத்தல் கணக்கும் தெரிந்தவர். அதனால்தான் அவரால் டெம்பிளை எதிர்த்து நிற்க முடிந்தது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பையனோ பெண்ணோ லீவில் வரும்போது, "எத்தனை மார்க்கு?" என்று கேட்கிறீர்கள், கேளுங்கள், அது உங்கள் உரிமை. அதோடு கூட, "அந்த இன்னொரு பாடத்தில் என்ன படித்தாய்? எனக்குச் சொல்லு, கேட்கிறேன்" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லையென்றால், நீங்கள் கட்டின பணத்தில் ஒரு பங்கு எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும்.

இந்தப் பருவத்தில் பேர் கொடுக்கப் போகிற மாணவர்கள், பட்டியலைக் கையில் வாங்கியதும் கல்லூரியை ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இந்தப் பாடத்தைப் படித்து முடித்த பிறகு, இப்போது எனக்குக் கேட்கத் தெரியாத எந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்திருக்கும்?" பதில் இல்லாத பாடத்தை எடுக்காதீர்கள். பதில் சொல்லத் தெரியாத கல்லூரியைச் சும்மா விடாதீர்கள்.